சாவிக்கொத்தும் சம்பளச் சீட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து ஆலயப் பணியாளர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கடிதங்களே இந்த மாதம் மிகுதி. கொங்கு நாட்டுக் குருசேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) ஒன்றின் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேண்டுகோளே இந்த வேலையின் நிலையைப் பாதி சொல்லிவிடுகிறது.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பதினோரு ஆண்டுகளாக ஓர் ஆலயத்தில் கோயில்பிள்ளையாக இருக்கிறார். ஞாயிறு விடியற்காலை கதவு திறப்பதிலிருந்து இரவு விளக்கணைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. திருமணம், துக்கம் என்று நேரங்காலம் இல்லாமல் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவர் உட்கார்ந்து ஆராதித்தது கிடையாது. சம்பளம் உயர்த்தித் தரும்படி கேட்டதற்கு, “ஊழியம் செய்கிறவர் கூலி பேசலாமா? பவுல் கூலி வாங்கினாரா?” என்று ஆலய நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்படி நினைப்பது விசுவாசக் குறைவா? – ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: விசுவாசக் குறைவு உங்களிடம் இல்லை, சகோதரி. கேள்வி கேட்டவரிடம் வேத வாசிப்புதான் சற்றுக் குறைவாக இருக்கிறது. இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 9ஆம் அதிகாரத்தை அவர் முழுவதும் படித்திருந்தால், நற்செய்திப் பணியாளனுக்குப் பிழைப்புக்கான உரிமை உண்டு என்பதைப் பவுல் எவ்வளவு விரிவாக வழக்காடி நிறுவுகிறார் என்பதைக் கண்டிருப்பார். போர்வீரன், திராட்சைத் தோட்டக்காரன், மந்தை மேய்ப்பவன் என்று உதாரணம் மேல் உதாரணமாக அடுக்கி, உரிமையை நிலைநாட்டிய பிறகுதான், தமக்கு அது வேண்டாம் என்று அவராகவே விட்டுக்கொடுக்கிறார். விட்டுக்கொடுப்பது பவுலின் விருப்பம். ‘நீர் விட்டுக்கொடும்’ என்று கொரிந்து சபையார் அவரிடம் தீர்மானம் போட்டுச் சொல்லவில்லை.

அதே இடத்தில் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்ற பழைய கட்டளையையும் எடுத்துக்காட்டுகிறார். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களத்தில் பிணையல் சுற்றி வரும் மாட்டுக்கு வாய்க்கூடை கட்டினால் தவசம் கொஞ்சம் மிஞ்சும் என்பதும், அப்படிக் கட்டுகிறவனை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

‘ஊழியம்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் அந்தச் சொல்லுக்கு, அரசுக்கும் கோயில்களுக்கும் கூலி இல்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்த மிஷனரிமார், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்று முறையிட்டு விலக்குப் பெற்றார்கள். அந்தப் பகுதியில் பணி செய்த லண்டன் மிஷன் சங்கம்தான் 1830இல் கோயம்புத்தூருக்கும் வந்தது. ஊழியத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையை மீட்டுக்கொடுத்த ஒரு மரபின் வழியில் வந்த சபைகளிலேயே, ஊழியம் என்ற பெயரைச் சொல்லி ஒருவரிடமிருந்து ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்பதை நம் குழுக்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கதவு திறப்பது, நாற்காலி போடுவது, அங்கி துவைப்பது, குழி வெட்ட ஆள் பிடிப்பது, ரசீது எழுதுவது ஆகியவையெல்லாம் வேலை. வேலைக்கு நேரம் உண்டு, கூலி உண்டு, விடுப்பு உண்டு. அவற்றை ஒழுங்காகக் கொடுத்த பிறகு, அந்த மனிதர் அன்பினால் கூடுதலாகச் செய்வது எதுவோ அதற்குத்தான் ஊழியம் என்று பெயர். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் முழுவதையும் ஊழியம் என்று எழுதிவிட்டால், அவருடைய கூலியோடு, அவர் மனமுவந்து கொடுக்கக்கூடிய காணிக்கையையும் சேர்த்து நாம் எடுத்துக்கொண்டவர்கள் ஆகிறோம்.

இனி நடைமுறை. உங்கள் கணவரிடம் பணி நியமனக் கடிதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ‘வாங்க தம்பி, நாளையிலிருந்து சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்க’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிச் சேர்த்திருப்பார்கள். சம்பள உயர்வைக் கேட்பதற்கு முன்னால், அவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலைகளைக் கிழமைவாரியாக, மணிக்கணக்கோடு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆயர் ஐயாவிடம் அந்தத் தாளைத் தனியாகக் கொடுத்து, நியமனக் கடிதமும், கிழமையில் ஒரு நாள் முழு விடுப்பும், மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை வேளையில் மாற்று ஆளும் வேண்டும் என்று கேட்கட்டும். குழுவில் பலர் முன்னிலையில் கேட்டால் பேச்சு வேதத்துக்குப் போய்விடும். தாளைக் காட்டிக் கேட்டால் பேச்சு தாளில் நிற்கும். இது நான் பட்டு அறிந்தது.

வருங்கால வைப்புநிதிச் சட்டம் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே கட்டாயம் என்பதால், மூன்று பேர் வேலை செய்யும் ஆலயத்தை அது தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சபை மனம் வைத்தால், அவர் பெயரில் அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி மாதந்தோறும் கட்டலாம். அவர் இன்னும் 40 வயதைத் தாண்டாததால் அடல் பென்ஷன் யோஜனாவில் சேர முடியும். அதற்கு வங்கிக் கணக்கு வேண்டும். 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, கட்டும் தொகைக்கு ஏற்ப ஓய்வூதியம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்களுக்கும் (ஆயருக்குத் துணையாக வேதம் போதிப்பவர்கள்) பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசின் நலவாரியம் ஒன்று இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் உள்ளவர்கள் உறுப்பினர் ஆகலாம். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, மரணம், முதுமை ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். நம் பணியாளர்களில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆராதனை அறிவிப்புகளில் கேக் ஆர்டருக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினால் போதும்.

கேள்வி: எங்கள் மகளுக்குத் திருமணம் நிச்சயித்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் இந்து உறவினர்கள். அதிகாலை நாலரை மணிக்கு முகூர்த்தம் வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆலய அலுவலகத்தில் ஒரேயடியாக மறுக்கிறார்கள். மூன்று வாரம் ஓலை வேறு வாசிக்க வேண்டுமாம். இதில் கொஞ்சம் அனுசரிக்கக் கூடாதா? – ஒரு தகப்பனார், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: அலுவலகத்தாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, திருமணம் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் நடத்தப்பட வேண்டும். பிஷப்பின் சிறப்பு அனுமதியோடு நடத்தும் விதிவிலக்கு சில சபைகளுக்கு மட்டும் உண்டு. நேரம் தவறி நடத்துகிற குருவுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் உறவினரின் மனம் கோணக்கூடாது என்பதற்காக ஆயர் ஐயாவைக் கம்பி எண்ணச் சொல்ல முடியாது. வேண்டுமானால் இணைச்சீர் முதலிய குடும்பச் சடங்குகளை வீட்டில் விடியற்காலையில் முடித்துக்கொண்டு, ஆறு மணிக்கு மேல் ஆலயத்துக்கு வாருங்கள்.

ஓலை வாசிப்பதை வெறும் சடங்கு என்று எண்ண வேண்டாம். மூன்று ஞாயிறு பெயர்களைச் சபையார் முன் வாசித்து, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்கும்போது, ஏற்கனவே ஒரு மனைவி உள்ள மாப்பிள்ளை அகப்பட்டுக்கொண்ட சம்பவம் என் பணிக்காலத்திலேயே உண்டு. பெண்ணின் தாய் அழுதுகொண்டே எங்களுக்கு நன்றி சொன்னார். ஆகவே மூன்று ஞாயிற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டு பிறகு மண்டபத்துக்கு முன்பணம் கொடுங்கள். முதலில் மண்டபம், அப்புறம் ஆலயம் என்று வருகிறவர்களால்தான் எழுத்தருக்குத் தலைவலி.

கேள்வி: நான் எம்.காம். முடித்து, ஆலய அலுவலகத்தில் கணக்கும் கணினி வேலையும் பார்க்கிறேன். சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சேரும்போது, தேவனுடைய வீட்டில் வேலை என்று அம்மா மகிழ்ந்தார்கள். உள்ளே வந்து தேர்தல் சண்டை, ஒருவருக்கொருவர் எழுதும் மொட்டைக் கடிதம், ஆயரிடம் ஒரு முகமும் அலுவலகத்தில் ஒரு முகமும் காட்டும் பெரியவர்கள் ஆகியவற்றையெல்லாம் பார்த்த பிறகு ஜெபிக்கவே கை கூடுவதில்லை. ஆராதனையில் பாடும்போதும் மைக் சரியாக இருக்கிறதா, திரையில் காட்டும் பி.பி.டி.யில் பாட்டு வரி மாறிவிட்டதா என்றுதான் கண் போகிறது. வேலையை விட்டுவிடலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தங்கைக்கு ஓர் உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை நானும் இரண்டாம் ஆண்டில் அனுபவித்தேன். மிட்டாய்க் கடையில் வேலை செய்கிறவனுக்கு இனிப்பு திகட்டுவது போல என்று ஒரு மூத்த உபதேசியார் அப்போது சொன்னார். அது எனக்குப் போதவில்லை. திகட்டினது இனிப்பா, கடைக்காரர்களின் சண்டையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நாளாயிற்று.

என்னைத் தாங்கிப் பிடித்தது காணிக்கை எண்ணும் மேஜை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி எனப்படும் ஆலயப் பக்க அறையில் மூன்று பேர் உட்கார்ந்து, வெல்வெட் பைகளை மேஜையில் கவிழ்ப்போம். எங்கள் சபையில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் அதிகம். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, மறுநாள் அதிலிருந்து எடுத்துப் போடுவார்கள். சாயப்பட்டறையில் வேலை செய்யும் விரல் பட்ட நோட்டில் நீலமோ சிவப்போ ஓரத்தில் ஒட்டியிருக்கும். மஞ்சள் மண்டிக்காரர் போடும் நோட்டை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற புரளி கிளம்பி நம் ஊர்க் கடைகளில் அதை வாங்க மறுத்த காலத்தில், அத்தனை நாணயமும் எங்கள் பைக்கு வந்து சேர்ந்தது. கடைக்காரர் வாங்காததைக் கர்த்தர் வாங்கிக்கொள்வார் என்று சபையார் முடிவு செய்துவிட்டார்கள்போலும். திங்கட்கிழமை அந்த மூட்டையை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போய், காசாளரின் முகத்தைப் பார்த்தவன் நான்.

அந்தக் குவியலுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் கிடக்கும். ஒருநாள் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஐம்பது ரூபாயை மடித்து, பென்சிலால், ‘மாடு பிழைத்ததற்கு ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. அந்த வாரம் குழுக் கூட்டத்தில் நாற்காலி தூக்காத குறையாகச் சண்டை நடந்திருந்தது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு இரவு தூங்கவில்லை. அந்தத் தாளைப் படித்தபோது, சபை என்பது கூட்டத்தில் கத்துகிற பதினைந்து பேர் அல்ல, இந்த மாட்டுக்காரரும்தான் என்று தெரிந்தது. நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பது சபையின் மிகச் சத்தமான பகுதியை. சத்தமில்லாத பகுதியின் கையெழுத்தும் உங்கள் மேஜைக்குத்தான் வருகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில், சந்தாப் புத்தகத்தில், உறைகளில் அதைத் தேடிப் படியுங்கள்.

அதோடு, மாதத்தில் ஒரு முறையாவது உங்களை யாருக்கும் தெரியாத வேறோர் ஆலயத்துக்கு, அங்கே எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாத ஓர் ஆலயத்துக்குப் போய், கடைசி வரிசையில் உட்காருங்கள். ஈரோட்டில் இருக்கிறவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. பன்னீர்செல்வம் பூங்கா அருகில் உள்ள பிரப் நினைவு ஆலயத்தில் ஒரு மாலை வேளை உட்கார்ந்து பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆண்டனி வாட்சன் பிரப் கட்டிய ஆலயம் அது. அவர் பெயர் ஆலயத்திலும் சாலையிலும் இருக்கிறது. ஆனால் அவர் காலத்திலும் சுண்ணாம்புக் கணக்கு எழுத ஒருவர் இருந்திருப்பார் என்று எனக்கு அங்கே போகும்போதெல்லாம் தோன்றும்.

சொந்த ஆலயத்தில் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போகும் அந்த ஐந்து நிமிடமாவது மைக்கையும் பி.பி.டி.யையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பாட்டு வரி மாறினால் மாறட்டும். கீர்த்தனை நம் மக்களுக்கு மனப்பாடம். கணக்கு விஷயத்தில் மட்டும் இளகாதீர்கள். தனியாக உட்கார்ந்து காணிக்கை எண்ணாதீர்கள், எண்ணிய தாளில் உறவினர் அல்லாத இருவராவது கையொப்பம் இடாமல் பணத்தைப் பூட்டாதீர்கள், ‘அப்புறம் ரசீது போட்டுக்கொள்ளலாம் கண்ணு’ என்று எவ்வளவு பெரியவர் சொன்னாலும் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஆலய அலுவலகத்தில் மனம் உடைந்து போனவர்களில் பலர், சண்டையைப் பார்த்து உடைந்தவர்கள் அல்லர். தாங்கள் செய்யாத தவறுக்குக் கணக்கில் அகப்பட்டு உடைந்தவர்கள்.

வேலையை விடுவது பற்றி நான் முடிவு சொல்ல முடியாது. விட்டால் விசுவாசத்தை விட்டதாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நல்ல சம்பளத்துக்கு ஒரு ஜவுளி நிறுவனத்தில் இடம் கிடைத்தால் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையாரில் ஒருவராக வந்து பாடுங்கள். அதுவும் தேவனுடைய வீடுதான்.

கேள்வி: நான் இந்து. ஓர் ஆலயத்தில் எலெக்ட்ரீசியனாகவும் இரவுக் காவலாளியாகவும் இருக்கிறேன். மேடைப் பக்கம் பல்பு மாற்றப் போகும்போது, நான் அங்கே போகலாமா என்று கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஊரில் சிலர், ‘மதம் மாறிவிட்டாயா’ என்றும் கேட்கிறார்கள். – ஒரு வாசகர், அவிநாசி

பதில்: தாராளமாகப் போகலாம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், அது உங்களுக்கே பழக்கம். பரிசுத்த மேஜையின் மேல் ஏணியைச் சாய்க்காதீர்கள். அதன் மேல் உள்ள கிண்ணத்தையும் தட்டையும் நகர்த்த வேண்டியிருந்தால் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேண்டியது. ஊரார் கேட்டால், உங்கள் ஊருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் இருக்கும் கருமத்தம்பட்டி செபமாலை மாதா ஆலயத்துக்கு அக்டோபர் தேர்த்திருவிழாவில் எத்தனை இந்துக் குடும்பங்கள் வந்து போகின்றன என்று திருப்பிக் கேளுங்கள். 2019இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட ஆலயம் அது. கூலிக்கு வேலை செய்கிறவரைப் பார்த்து எவரும் மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. கூலி சரியாக வருகிறதா என்றுதான் கேட்க வேண்டும். உங்களுக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லையே?

கேள்வி: எங்கள் ஆலயத்தில் இந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முன்பு செய்த பெரியவர் இறந்துவிட்டார். கேட்க ஆள் இல்லை. – புதிதாகச் சேர்ந்த பணியாளர், பொள்ளாச்சி வட்டம்

பதில்: சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிற்றில் கொடுத்த ஓலைகளைத் திரும்பக் கொண்டுவரும்படி இரண்டு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். உங்கள் ஊரில் பெரும்பாலும் தென்னங்குருத்தாகத்தான் இருக்கும். ஓலையில் சிலுவை பின்னிக் கட்டிய நூலையும் பிளாஸ்டிக் நாரையும் பொறுமையாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். அது எரிந்தால் சாம்பல் பிசுபிசுக்கும், நாற்றம் அடிக்கும். ஓலையை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, காற்றில்லாத இடத்தில் பழைய இரும்புச் சட்டியில் சிறிது சிறிதாகப் போட்டு எரியுங்கள். முதலில் கருகலாகத்தான் விழும். அதைக் கிளறிக்கொண்டே இருந்தால் பொடியும். ஆறிய பிறகு பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி ஓலைக்கு ஒரு தேக்கரண்டிச் சாம்பல் கிடைத்தாலே அதிகம். ஆனால் ஒரு தேக்கரண்டி நிறைய நெற்றிகளுக்கு வரும்.

தண்ணீர் ஊற்றிக் குழைத்து வைக்காதீர்கள். நான் ஒருமுறை, மறுநாள் வேலை மிச்சமாகும் என்று முந்தின இரவே குழைத்து வைத்தேன். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகும் என்பது பாத்திரம் தேய்க்கிற நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரிந்த விஷயம், எனக்குத்தான் தோன்றவில்லை. மறுநாள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நெற்றி சிவந்து எரிந்தது. வயதான ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க, இந்த வருசம் மனந்திரும்புதல் கொஞ்சம் பலமா இருக்குதுங்க” என்றார். அன்று முதல் உலர்ந்த பொடியாகவே கிண்ணத்தில் வைத்து, ஆயர் ஐயாவின் விரலில் ஒட்டுவதற்காகப் பக்கத்தில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்துவிடுவேன். கை துடைக்க ஈரத்துணியும் எலுமிச்சைத் துண்டும் வெஸ்ட்ரியில் தயாராக இருக்கட்டும். ஆராதனை முடிந்து மீந்த சாம்பலைக் குப்பையில் கொட்டாமல், வளாகத்தில் நிற்கும் தென்னையின் வேரில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுங்கள்.